கையில் சென்சர், தோலில் கடி

சீனி வருத்தக்காரரின் விரலைக் காப்பாற்ற வந்த கருவி தோலைப் புண்ணாக்குவது ஏன்? பிய்த்தெறியாமல் தப்புவது எப்படி?

சொறிக்கல்முனையில் வயலைப் பார்த்த வீடு ஒன்றின் விறாந்தை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் இடது மேற்கையின் பின்புறத்தைக் கதவு நிலையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். வயது பதின்மூன்று. எட்டு வயதிலிருந்து இன்சுலின் ஊசி.

"கடிக்குதும்மா. கழட்டி உடுங்க."

"இன்னும் அஞ்சு நாள் கிடக்கு மனே. சித்தப்பா கட்டாரில இருந்து அனுப்பினது. கொஞ்சம் பொறு."

அவனால் பொறுக்க முடியவில்லை. அம்மா ஒட்டின் ஓரத்தை நகத்தால் கிளப்பி ஒரே இழுவையில் பிய்க்கிறார். சோடாப் போத்தல் மூடியைவிடச் சற்றே பெரிய வெள்ளை வட்டம் கையோடு வருகிறது. கூடவே மெல்லிய தோலும் உரிந்து வருகிறது. ஒட்டியிருந்த இடம் அதே வட்டமாகக் கறுத்துத் தடித்திருக்கிறது. ஓரமெல்லாம் பொடிப்பொடியாய் நீர்க்கொப்புளம், நடுவில் ஈரக் கசிவு. வட்டத்துக்கு வெளியேயும் இரண்டு விரற்கடை தூரத்துக்குப் பரு எழும்பியிருக்கிறது. அம்மா தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் தேடி உள்ளே போகிறார்.

போன வாரம் ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு, சென்சர் அனுப்பிய எச்சரிக்கையில் இந்த அம்மாவின் போன் அலறியது. பையனின் சீனி 58க்கு இறங்கியிருந்தது. எழுப்பிக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். விடிந்ததும் அவன் வழமைபோல் பள்ளிக்கூடம் போனான். இன்றிரவு சீனி இறங்கினால் போன் அலறாது. தோலில் தொடங்கிய கடி தோலோடு நிற்பதில்லை. கருவி கழன்று விழுந்த வீட்டில் காவலும் கழன்றுவிடுகிறது.

வெளிநாட்டுப் பெட்டியில் வந்த காவல்

இந்தச் சென்சரின் அடியிலுள்ள மெல்லிய இழை சுமார் 5 மில்லிமீற்றர் ஆழத்துக்குத் தோலுக்குள் போய், உயிரணுக்களுக்கு இடையிலுள்ள நீரில் குளுக்கோஸை அளக்கிறது. வகையைப் பொறுத்துப் பத்து நாளோ பதினான்கு நாளோ அங்கேயே இருக்கும். அபொட் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் லிப்ரே 2014இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தபிறகுதான் இது சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது. டெக்ஸ்கொம், மெட்ரோனிக் நிறுவனங்களின் சென்சர்களும் உண்டு. பிரித்தானியாவின் சுகாதார வழிகாட்டல் நிறுவனமான நைஸ் 2022 மார்ச் மாதம் வெளியிட்ட வழிகாட்டல், முதல் வகை நீரிழிவுள்ள வளர்ந்தவர் எல்லோருக்கும் இதை வழங்கச் சொன்னது. லண்டனில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது அரச செலவில் கிடைக்கிறது.

இங்கே இன்சுலின் அரச ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கும். சென்சர் சொந்தக் காசு. ஆகவே கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் அது பெரும்பாலும் கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருபவரின் பயணப் பெட்டியில் வருகிறது. ஒட்டும் விதத்தைப் போனில் வீடியோ பார்த்துப் பழகுகிறோம். தோலை எப்படி ஆயத்தம் செய்வது, எப்போது கழற்றுவது, கடித்தால் யாரிடம் போவது என்று சொல்லித்தர எவரும் கூட வருவதில்லை.

தேவையோ கூடிக்கொண்டே போகிறது. 2005–06இல் எடுத்த தேசிய ஆய்வில் இலங்கையின் வளர்ந்தவர்களில் 100க்கு 10 பேருக்கு நீரிழிவு இருந்தது. 2018–19இல் நடந்த சுகாதார, முதுமை ஆய்வில் அது 100க்கு 23. இரண்டு ஆய்வும் ஒரே அளவுகோலில் எடுக்கப்பட்டவை அல்லதான். என்றாலும் இந்தக் கரையில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாலும் கதை அதேதான்: வாப்பாவுக்குச் சீனி, உம்மாவுக்குச் சீனி, இப்போது மருமகனுக்கும்.

ஒட்டுக்குள் ஒளிந்திருந்த பொருள்

தோல் இரண்டு விதமாகக் கோபிக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதித் தொல்லை.

முதலாவது வெறும் உறுத்தல். வியர்வையும் வெப்பமும் ஒட்டுக்கடியில் அடைபட்டு, தோல் ஊறி, பிய்க்கும்போது மேற்படை உரிந்து வருவதால் வருவது. அது யாருக்கும் வரலாம். தோலை ஒழுங்காக ஆயத்தம் செய்து, பதமாகக் கழற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இரண்டாவது உண்மையான ஒவ்வாமை. உடம்பு ஒரு குறிப்பிட்ட இரசாயனத்தை எதிரியென்று பதிந்துகொள்வது. முதற் சென்சரிலேயே வரவேண்டுமென்பதில்லை. மாதக்கணக்கில் ஒரு தொல்லையும் இல்லாமல் போட்டவருக்குத் திடீரென்று கிளம்பும். ஒருமுறை பதிந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறக்காது. ஒவ்வொரு தடவையும் இன்னும் வேகமாக, இன்னும் கடுமையாக வரும்.

இதைக் கண்டுபிடித்த கதை பெல்ஜியத்தில் நடந்தது. லிப்ரே போட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையில் கரப்பன்போலப் புண்ணோடு தோல் வைத்தியர்களிடம் வந்தார்கள். பிளாஸ்டர் ஒவ்வாமைக்கு வழக்கமாகச் செய்யும் சோதனைகளில் ஒன்றும் பிடிபடவில்லை. வைத்தியர்கள் சென்சரையே ஆய்வுகூடத்தில் பிரித்துக் கரைத்துப் பார்த்தார்கள். கிடைத்தது ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற பொருள். அது தோலில் ஒட்டும் பட்டியில் சேர்க்கப்பட்ட ஒன்றல்ல. சென்சரின் பிளாஸ்டிக் மேல்பாகத்தையும் கீழ்ப்பாகத்தையும் இணைக்கும் பசையிலிருந்து மெல்லக் கசிந்து, பட்டியைத் தாண்டித் தோலுக்கு வந்திருக்கிறது. 15 நோயாளிகளின் விபரத்தோடு 2017இல் இதை வெளியிட்டார்கள். 2020இல் அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் இந்தப் பொருளை அந்த ஆண்டின் முக்கிய ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது.

எனக்கு மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. இன்சுலின் பம்புக் குழாயின் பசையில் இதே இரசாயனம் ஒவ்வாமை கொடுத்ததை பெல்ஜிய வைத்தியர்களே 1995இல் எழுதிவைத்திருந்தார்கள். 22 வருடங்கள் கழித்து, இன்னொரு கருவியில், வேறு மனிதரின் கையில் அது திரும்ப வந்தது. முகத்துக்குப் பூசும் கிறீம் குப்பியில் உட்பொருள் முழுவதையும் அச்சிட வேண்டுமென்று ஐரோப்பாவில் சட்டம் இருக்கிறது. பதினான்கு நாள் கழற்றாமல் தோலில் கிடக்கும் மருத்துவக் கருவியின் பசையில் என்ன இருக்கிறதென்று அப்படி அச்சிடக் கட்டாயமில்லை. வைத்தியர் துப்பறிவாளராக மாற வேண்டியிருப்பது இதனால்தான்.

நல்ல செய்தியும் உண்டு. லிப்ரே 2 சென்சரை ஆராய்ந்த ஜேர்மன் வைத்தியர்கள் அதில் ஐசோபோர்னைல் அக்ரிலேட் இல்லையென்று 2020இல் எழுதினார்கள். டெக்ஸ்கொம் ஜி6 ஒட்டில் வேறொரு அக்ரிலேட் பொருள் ஒவ்வாமை கொடுத்த பதிவுகளும் இருக்கின்றன. ஆகவே "சென்சர் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று முடிவு கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது, எந்தச் சென்சர், எந்தத் தலைமுறை என்பதே. ஒன்றில் வந்த ஒவ்வாமை இன்னொன்றில் வராமலிருக்க நியாயம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பழைய இருப்பும் புதிய இருப்பும் கலந்து வரும் நம் வீடுகளில் இது மிக முக்கியம்.

பெட்டிச் செய்தி: உறுத்தலா, ஒவ்வாமையா?

ஒட்டு இருந்த வட்டத்துக்குள் மட்டும் எரிச்சலும் தடிப்பும், கழற்றி ஓரிரு நாளில் தணிகிறது: பெரும்பாலும் உறுத்தல்.

கடி நாளுக்கு நாள் கூடுகிறது, வட்டத்தைத் தாண்டிப் பரவுகிறது, நீர்க்கொப்புளம் வருகிறது, கழற்றிய பிறகும் நாட்கணக்கில் நீடிக்கிறது, அடுத்த சென்சரில் முன்னதைவிடச் சீக்கிரம் தொடங்குகிறது: ஒவ்வாமை என்று சந்தேகியுங்கள்.

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகர ஆஸ்பத்திரியில் லிப்ரே பாவித்த ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பார்த்ததில், தொடுகைத் தோலழற்சி வந்தவர்கள் 100க்கு 4 பேருக்குச் சற்றுக் குறைவு.

சிவப்பைத் தேட வேண்டாம்

சென்சர்ப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் "தோல் சிவந்தால்" என்று போட்டிருக்கும். வெள்ளைத் தோலுக்கு எழுதிய வாசகம் அது. நம் தோலில் அழற்சி பெரும்பாலும் சிவப்பாய்த் தெரியாது. கறுப்பாகவோ ஊதா படிந்தோ தெரியும். சில வேளை நிறமே மாறாது. ஆகவே கண்ணைவிட விரலை நம்புங்கள். ஒட்டின் ஓரத்தைச் சுற்றித் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு, தடிப்பு, சுற்றியுள்ள தோலைவிடக் கூடிய சூடு, தொட்டால் நோவு, இவைதான் நமக்கு முதல் அறிகுறி.

ஆறியபின் வரும் கறுப்பு வட்டம் மாதக்கணக்கில் நிற்கும். அது அழுக்குமல்ல, தொற்றுமல்ல. கலியாணம் பேசும் வயதுப் பெண்பிள்ளைகள் இந்த வட்டங்களுக்காகவே சென்சரை விட்டுவிடுகிறார்கள். தாய்மார் இதை அற்ப விசயமென்று தள்ளாமல், அழற்சியை ஆரம்பத்திலேயே அடக்கினால் கறுப்பும் குறையும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.

கச்சான் காற்றும் நோன்பும்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தக் கரை கொதிக்கும். கரைவலை இழுக்கும் கை, மருந்தடிக்கும் தாங்கியின் பட்டி உரசும் தோள், மருதமுனைத் தறியில் ஓயாமல் ஆடும் கை, அபாயாவின் முழுக்கைக்குள் அடைபட்ட கை: ஒட்டுக்கடியில் வியர்வை தேங்க இவை போதும். இங்கே வெயிலில் நிற்கும் ஒருவரின் கையில் பதினான்கு நாள் தாங்குவதென்பது குளிர்நாட்டில் தாங்குவதைப் போலல்ல.

பட்டி உரசாத கையைத் தேர்ந்தெடுப்பது, படுக்கும் பக்கத்தைத் தவிர்ப்பது, வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் உப்பையும் வியர்வையையும் கழுவி ஒற்றித் துடைப்பது ஆகியவை செலவில்லாத காவல். அபாயாவைக் கழற்றித்தான் ஸ்கேன் செய்யவேண்டுமென்பதும் இல்லை. லிப்ரே துணிக்கு மேலாலும் வாசிக்கும்.

நிந்தவூர்த் தாய் ஒருவர் கேட்ட கேள்வி பலருடைய கேள்வி: "ஒழு எடுக்கக்குள்ள இது தடுக்குமா புள்ள?" ஒழுவில் கை கழுவுவது முழங்கை வரைக்கும். மேற்கைச் சென்சர் அதற்கு வெளியே. கடமையான குளிப்பில் ஒட்டுக்கடியில் தண்ணீர் படாதது பற்றிய கேள்வி வேறு. காயத்தின் கட்டுக்குரிய சலுகை இதற்கு எப்படிப் பொருந்தும் என்பதை உங்கள் ஊர் மௌலவியிடமே கேளுங்கள். கேட்கும்போது இது வைத்தியத்துக்கான கருவி, நடுவில் கழற்றினால் திரும்ப ஒட்ட முடியாது என்பதையும் சொல்லிக் கேளுங்கள். பதில் தெரியாமல் ஒவ்வொரு தடவையும் ஓரத்தைக் கிளப்பிக் கழுவி அழுத்தி ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஈரம்தான் தோலை ஊறவைக்கிறது.

நோன்பு மாதத்தில் கடி வந்து கழற்றுவது எல்லாவற்றிலும் ஆபத்து. 2001இல் 13 நாடுகளில் நடந்த எபிடியார் ஆய்வில், ரமழானில் கடுமையான சீனி இறக்கம் முதல் வகையில் 4.7 மடங்கும் இரண்டாம் வகையில் 7.5 மடங்கும் கூடியிருந்தது. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் ரமழான் வழிகாட்டல், சீனி 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் நோன்பை விடச் சொல்கிறது. விரல் குத்திச் சோதிப்பது நோன்பை முறிக்காது என்றும் சொல்கிறது. ஆகவே ரமழானுக்கு ஒரு மாதம் முன்பே தோலைச் சரிப்படுத்திவிடுங்கள். நோன்பில் கழற்ற நேர்ந்தால், அன்றே குளுக்கோமீற்றரைக் கையில் எடுங்கள்.

ஒட்டுமுன் பத்து நிமிடம்

தோலைக் காப்பது ஒட்டுவதற்கு முன்பே தொடங்குகிறது. மணமில்லாத, கிறீம் கலக்காத சவர்க்காரத்தால் கழுவுங்கள். எண்ணெய், பவுடர், லோசன் எதுவும் அன்று அந்தக் கையில் வேண்டாம். முடி இருந்தால் கத்தரியுங்கள். சவர அலகு தோலைக் கீறும், கீறிய இடம் எரியும். பெட்டியில் வரும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் அது முற்றாகக் காயும்வரை பொறுங்கள். ஊதிக் காயவைக்க வேண்டாம். ஈரத் தோலில் ஒட்டியவருக்கே உறுத்தல் அதிகம்.

போன தடவை ஒட்டிய இடத்தில் இந்தத் தடவை ஒட்டக்கூடாது. கையை மாற்றுங்கள், அதே கையென்றால் குறைந்தது ஓர் அங்குலம் தள்ளுங்கள். தழும்பு, மச்சம், ஆறாத கறுப்பு வட்டம், ஊசி போடும் இடம், இவற்றைத் தவிர்க்கவேண்டும்.

கடிக்கும் தோல்காரருக்கு அடுத்த படி தடுப்புப் படலம். புண்ணைச் சுற்றியுள்ள தோலைக் காக்க ஆஸ்பத்திரிகளில் பாவிக்கும் திரவம். பூசினால் காய்ந்து கண்ணுக்குத் தெரியாத படலமாகும். கவிலோன் போன்ற பெயர்களில் பெரிய பாமசிகளில் கேட்கலாம். முதலில் முன்கையில் சிறிது பூசி இரண்டு நாள் பாருங்கள். அதுவும் ஒத்துவந்தால், சென்சர் ஒட்டும் இடத்தில் பூசி, முற்றாகக் காய்ந்தபின் ஒட்டுங்கள். ஊசி இறங்கும் நடுப் புள்ளியை விட்டுவிட்டு வளையமாகப் பூசுவது நல்லது.

அதற்கும் அடங்காவிட்டால் சில வைத்தியர்கள் ஹைட்ரோகொலொயிட் என்ற புண் பிளாஸ்டரை அடியில் ஒட்டி, அதற்கு மேல் சென்சரை வைக்கச் சொல்கிறார்கள். மூக்குக்கு அடிக்கும் ஸ்டீரொயிட் ஸ்பிரேயை ஒட்டுமுன் தோலில் அடிக்கச் சொல்பவர்களும் உண்டு. இரண்டும் கருவி செய்தவர்கள் சொல்லாத வழி. இழை சரியான ஆழத்துக்குப் போகாமல் அளவு பிழைக்கலாம். ஸ்டீரொயிட் ஓரிடத்தில் திரும்பத் திரும்பப் பட்டால் தோல் மெலியும். வைத்தியர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். செய்தால் முதல் சில நாள் விரல் குத்தி ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். இந்தத் தடுப்பெல்லாம் உறுத்தலுக்கு நன்றாக உதவும். உண்மையான அக்ரிலேட் ஒவ்வாமைக்கு நம்பமுடியாது. அந்த மூலக்கூறு சிறியது, பல படலங்களை ஊடுருவிவிடும். அங்கே தீர்வு, அந்தப் பொருள் இல்லாத சென்சருக்கு மாறுவதுதான்.

விழுந்துவிடுமென்ற பயத்தில் மேலே பெரிய பிளாஸ்டர் ஒட்டுபவர்கள் பலர். அந்தப் பிளாஸ்டருக்கே ஒவ்வாமை வந்து, சென்சர்மேல் பழி போட்டவர்களும் பலர். ஒட்டுவதென்றால் காற்றுப் போகும் பட்டியாக இருக்கட்டும். லிப்ரேயின் நடுவிலுள்ள சிறு துளையை மூடாதீர்கள்.

பிய்க்காதீர்கள், உருட்டுங்கள்

அந்த அம்மா செய்த ஒரே இழுவை நம் எல்லோர் வீட்டிலும் நடப்பது. குளித்து முடிந்த கையோடு, பேபி ஒயிலையோ தேங்காயெண்ணெயையோ ஓரத்தில் விட்டுச் சில நிமிடம் ஊறவிடுங்கள். ஓரம் கிளம்பியதும் மேலே தூக்காமல், ஒட்டைத் தோலோடு சாய்த்துப் பின்னோக்கி மடித்து உருட்டிக்கொண்டே போங்கள். மற்றக் கை விரலால் தோலை அழுத்திப் பிடித்திருங்கள். எண்ணெய்க்குரிய நேரம் இதுதான். ஒட்டுமுன் அது பகை, கழற்றும்போது துணை. கழற்றியபின் சவர்க்காரத்தால் கழுவி, மணமில்லாத ஈரப்பதக் கிறீம் பூசி, அந்த இடத்துக்கு ஓய்வு கொடுங்கள்.

பாமசிக் குழாய்

கடி என்றதும் பாமசியில் போய் "ஒரு கிறீம் தாங்க" என்கிறோம். கிடைப்பது பெரும்பாலும் ஸ்டீரொயிட்டும் பங்கசு மருந்தும் அன்ரிபயோட்டிக்கும் கலந்த குழாய். இரண்டு நாளில் கடி அடங்கும், நிம்மதி வரும். பிறகு அதையே எல்லாவற்றுக்கும் பூசுவோம். சீனி கூடியவரின் ஈரத் தோலில் பங்கசு இலேசாகப் பிடிக்கும். அந்த நேரத்தில் ஸ்டீரொயிட் பூசினால் அது மறைந்திருந்து படரும். கழற்றிய இடத்து ஒவ்வாமைக்கு ஸ்டீரொயிட் கிறீம் சரியான மருந்துதான். எது, எத்தனை நாள் என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும். பல்பசை, மஞ்சள், டெட்டோல், சித்தாலேப, இவற்றில் எதையும் உரிந்த தோலில் வைக்க வேண்டாம்.

பெட்டிச் செய்தி: உடனே கழற்ற வேண்டிய நேரம்

நீர்க்கொப்புளம், சீழ், கெட்ட மணம், வேகமாகப் பரவும் வீக்கமும் சூடும், அக்குளில் நெறி, காய்ச்சல்: இவற்றில் ஒன்று வந்தாலும் மிச்ச நாளைப் பார்க்காமல் கழற்றி அன்றே வைத்தியரிடம் போங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ நேரே அவசரப் பிரிவுக்கு. சென்சர் இல்லாத ஒவ்வொரு நாளும் விரல் குத்திச் சோதியுங்கள். இன்சுலினை நிறுத்த வேண்டாம்.

கையைக் காட்டச் சொல்லுங்கள்

கிளினிக்கில் ரிப்போர்ட் பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், பாதம் பார்க்கிறார்கள். சென்சர் போட்ட கையையும் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும், கல்முனை வடக்கிலும், சம்மாந்துறையிலும் கிளினிக் நாளில் "கையைக் காட்டுங்க" என்று ஒரு மிஸ் கேட்டாலே போதும். பாதிப் பேர் கொப்புளம் வருமுன் தப்புவார்கள்.

கொப்புளம் வந்தவர்களுக்குத் தோல் வைத்தியரின் ஒட்டுச் சோதனை தேவை. சந்தேகப் பொருட்களை முதுகில் ஒட்டி 48 மணித்தியாலம் விட்டு, எடுத்ததும் ஒருமுறை பார்த்து, அதன்பின் சில நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். சாதாரணப் பட்டியலில் ஐசோபோர்னைல் அக்ரிலேட் பெரும்பாலும் இருக்காது. நோயாளி சொன்னால்தான் வைத்தியர் அதைத் தேடுவார். சென்சர் விற்கும் நிறுவனங்களும் பசையின் உட்பொருளைப் பெட்டியில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட வேண்டும். தேசிய ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அதைக் கேட்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளை மட்டுமல்ல, மருத்துவச் சாதனங்களையும் அதன் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது.

அதுவரைக்கும் நீங்கள் செய்யக்கூடியது இது. கழற்றிய சென்சரைக் குப்பையில் போடாதீர்கள். ஊசி இழை குத்தாதபடி மூடியுள்ள டப்பாவில் போட்டு, பெட்டியையும் அதிலுள்ள தொகுதி இலக்கத்தையும் சேர்த்து வையுங்கள். தோல் மோசமாக இருக்கும் அன்றே, பகல் வெளிச்சத்தில், போனில் ஒரு படம் எடுங்கள். எந்த நாள் ஒட்டியது, எந்த நாள் கடி தொடங்கியது என்று கிளினிக் கொப்பியின் ஓரத்தில் எழுதுங்கள். அடுத்த கிளினிக்குக்கு மூன்றையும் கொண்டுபோய், கேட்காவிட்டாலும் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டுங்கள்.